கப்பலுக்கு இடம், ஊருக்குப் பேர்: இலவசப் படகுத்துறைக் கணக்கு

ஒரு சின்னக் கடலோர ஊர். படகுத்துறை நகராட்சிக்குச் சொந்தம். அங்கே படகு கட்டுகிற எல்லோரும் வருடக் கட்டணம் செலுத்துகிறார்கள். ஒருநாள் நகர மன்றத்துக்கு ஒரு கோரிக்கை வருகிறது: "என் கப்பலை உங்கள் துறையில் நிறுத்திக்கொள்கிறேன். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள். பதிலுக்கு உங்கள் ஊர்ப் பேர் நாடு முழுக்கத் தெரிய வரும்." கேட்பவருடைய கப்பல் டிவி நிகழ்ச்சியில் வருவதாக இருக்கலாம், நூறு வருடப் பழைய பாய்மரக் கப்பலாக இருக்கலாம், பழங்கால வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் கப்பலைப் பார்த்துப் புதிதாகக் கட்டிய மாதிரிக் கப்பலாகவும் இருக்கலாம். பேரம் ஒன்றேதான். தண்ணீரில் ஓர் இடம் கொடு, விளம்பரம் வாங்கிக்கொள்.

முதலில் கேட்கும்போது மறுக்க ஒன்றும் இல்லாத மாதிரிதான் தெரியும். நகராட்சி கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை. யாருக்கும் காசோலை எழுத வேண்டியதில்லை. இருக்கிற தண்ணீரில் ஒரு கப்பல் நிற்கப்போகிறது, அவ்வளவுதானே? இந்த "அவ்வளவுதானே"தான் ஏமாற்றுகிறது. காசோலை எழுதாத செலவும் செலவுதான். சொல்லப்போனால் அதுதான் ஆபத்தான செலவு, ஏனென்றால் வரவு செலவுப் புத்தகத்தில் அது எந்த வரியிலும் தென்படாது.

அமெரிக்க உதாரணங்களை வைத்தே இதைச் சொல்கிறேன். அங்கே, குறிப்பாக அலாஸ்காவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும், சில ஆயிரம் பேர் வாழும் ஊர்கள்கூடச் சொந்தமாகப் படகுத்துறை நடத்துகின்றன. கட்டணம் எவ்வளவு, யாருக்குச் சலுகை என்பதெல்லாம் நகர மன்றத்தில் வெளிப்படையாகப் பேசி முடிவாகும்.

அலாஸ்காவின் ஹோமர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். கடலுக்குள் சுமார் 7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல்திட்டு நீட்டிக்கொண்டு போகும். அதன் நுனிப்பக்கம்தான் படகுத்துறை. ஹாலிபட் மீனுக்குப் பேர்போன இடம். 2005இல் தொடங்கிய 'டெட்லியஸ்ட் கேட்ச்' என்ற டிவி தொடரைப் பார்த்தவர்களுக்கு 'டைம் பேண்டிட்' என்ற நண்டுப் படகைத் தெரிந்திருக்கும். அந்தப் படகின் ஊர் ஹோமர்தான். பெரிங் கடலின் அலையையும் பனியையும் தாண்டி நண்டுக் கூடை தூக்கும் ஆட்களை உலகம் முழுக்க டிவியில் பார்த்தார்கள்; அதோடு ஹோமர் என்ற பேரும் பரவியது. படகு பிடித்துத் தரும் பேர் என்பது வெறும் கற்பனை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அது நிஜமாகவே நடக்கும். அதற்கு என்ன விலை, அதை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

படகுத்துறைக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

இது தெரியாமல் மேலே போக முடியாது. இந்த மாதிரித் துறைகளில் கட்டணம் பெரும்பாலும் படகின் நீளத்தை வைத்துத்தான். ஓர் அடிக்கு வருடத்துக்கு இவ்வளவு டாலர் என்று விகிதம் இருக்கும். கணக்குக்காக அடிக்கு 70 டாலர் என்று வைத்துக்கொள்வோம் (இது நான் போட்ட எண், எந்த ஊரின் விகிதமும் அல்ல). 100 அடிக் கப்பல் என்றால் வருடத்துக்கு 7,000 டாலர். பத்து வருடத்தில் 70,000. மின்சாரம், குடிநீர், குப்பை, கழிவு எண்ணெய் எல்லாம் இதற்குமேல்.

அந்தப் பணம் நகராட்சியின் பொதுப்பணத்தோடு கலப்பதில்லை. நகராட்சிக்குள்ளேயே படகுத்துறைக்கென்று தனிக் கணக்கு வைத்திருப்பார்கள். துறையின் செலவைத் துறையின் வரவிலிருந்தே செய்ய வேண்டும் என்பது விதி. ஊரில் படகே இல்லாத ஒருவர் கட்டும் வீட்டு வரியில் படகுக்காரர்களுக்கு மேடை கட்டக் கூடாது. அதேபோல் படகுக்காரர் கட்டும் கட்டணத்தில் ஊருக்குச் சாலை போடக் கூடாது. நியாயமான ஏற்பாடு.

செலவு என்றால் சின்னச் செலவு இல்லை. உப்புத் தண்ணீரில் நிற்கும் எதுவும் அரித்துக்கொண்டேதான் இருக்கும். மிதக்கும் மேடைகளை இருபது முப்பது வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தூண்கள் துருப்பிடிக்கும், மரமாக இருந்தால் கடற்புழு தின்னும். வண்டல் சேர்ந்தால் தூர்வார வேண்டும். அலைத்தடுப்புச் சுவரில் கல் சரிந்தால் அடுக்க வேண்டும். இதற்கெல்லாம் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைக்கும் பணம்தான் அந்தக் கட்டணம். ஒரு கப்பலுக்கு விலக்கு கொடுத்தால், அந்தக் கப்பல் உரசித் தேய்க்கும் மேடையின் செலவை மற்ற படகுக்காரர்கள் ஏற்கிறார்கள் என்று அர்த்தம்.

சும்மா கிடக்கும் இடமா, இல்லையா?

"எப்படியும் காலியாகத்தானே கிடக்கிறது" என்பது இந்தப் பேச்சில் தவறாமல் வரும் வாதம். இதை உடனே தள்ளிவிடவும் கூடாது, உடனே ஏற்கவும் கூடாது. ஆடி மாதத்தில் கல்யாண மண்டபத்தைச் சும்மா கொடுப்பதும், தை மாத முகூர்த்த நாளில் சும்மா கொடுப்பதும் ஒன்றா? மண்டபம் அதேதான், வாடகைப் பட்டியலும் அதேதான். ஆனால் ஒன்றில் முதலாளிக்கு இழப்பு கிட்டத்தட்ட இல்லை, இன்னொன்றில் முழு வாடகையும் போகிறது.

படகுத்துறையிலும் அப்படித்தான். பெரிய கப்பல் நிற்கும் பக்கம் வருடம் முழுக்க ஆளில்லாமல் கிடந்தால், அங்கே ஒரு கப்பலை நிறுத்துவதால் நகராட்சிக்கு உண்மையில் ஆகும் இழப்பு கொஞ்சம் தேய்மானம், கொஞ்சம் மின்சாரம். அதே துறையில் இடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியல் இருந்தால் கதை வேறு. ஹோமர் போன்ற ஊர்களில் அப்படிப் பட்டியல் இருக்கிறது. பேர் எழுதிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அங்கே ஒரு கப்பலுக்கு இலவச இடம் கொடுப்பது, காசு கொடுக்கத் தயாராக வரிசையில் நிற்பவரைத் திருப்பி அனுப்புவது. இழப்பு முழுக் கட்டணம். கூடவே அந்த மீனவர் ஊரிலேயே வாங்கியிருக்கக்கூடிய டீசல், ஐஸ், வலை, பழுதுபார்ப்பு எல்லாமும்.

ஆகவே மன்ற உறுப்பினர் கேட்க வேண்டிய முதல் கேள்வி கப்பலைப் பற்றியது இல்லை. காத்திருப்போர் பட்டியலைப் பற்றியது. எத்தனை அடி நீளப் படகுகளுக்கு, எந்த மாதங்களில், எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்? துறைமுக மேலாளரிடம் இது கையிலேயே இருக்கும். கேட்டால் போதும். கேட்காமல் ஒரு மணி நேரம் விவாதிப்பதுதான் நடக்கிறது.

விளம்பரத்துக்கு விலை போடுவது

இனித்தான் சிக்கலான பகுதி. கப்பல்காரர் ஒரு தாளை நீட்டுவார். "எங்கள் கப்பலைப் பற்றிப் பத்திரிகையில் இத்தனை பத்தி வந்தது, டிவியில் இத்தனை நிமிடம் வந்தது. அதே இடத்தையும் நேரத்தையும் நீங்கள் விளம்பரமாக வாங்கியிருந்தால் இத்தனை லட்சம் டாலர் ஆகியிருக்கும். நாங்கள் கேட்பதோ வெறும் ஏழாயிரம்."

இந்தக் கணக்கு முறை மக்கள் தொடர்புத் துறையில் பல காலம் புழங்கியது. செய்தியாக வந்த இடத்தை அளந்து, விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, "இவ்வளவு மதிப்பு" என்று சொல்லிவிடுவது. 2010இல் அந்தத் துறையின் அளவீட்டு வல்லுநர்களே பார்சிலோனாவில் கூடி, விளம்பரக் கட்டணத்தை வைத்து இப்படி மதிப்புப் போடுவது மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று கொள்கையாகவே அறிவித்துவிட்டார்கள். அப்புறமும் இந்த எண் சாகவில்லை. பெரிய எண்ணாக இருக்கிறதே, விட மனம் வருமா?

அதில் என்ன தப்பு? முதலாவது, அந்த விலைக்கு நகராட்சி ஒருபோதும் விளம்பரம் வாங்கியிருக்காது. வாங்கியிருக்காத பொருளின் முழு விலையை "மிச்சம்" என்று எழுதக் கூடாது. இரண்டாவது, பார்த்தவர்கள் எல்லோரும் வருபவர்கள் இல்லை. பெரிங் கடலில் அலையடிக்கும் காட்சியைச் சோபாவில் உட்கார்ந்து பார்த்து வியந்த ஒருவர், அதற்காக விமானம் ஏறி அலாஸ்காவுக்கு வருவாரா? சிலர் வருவார்கள். அந்தச் சிலரில் எப்படியும் வந்திருக்கக்கூடியவர்களைக் கழிக்க வேண்டும். ஹாலிபட் பிடிக்க வந்தவர் போகிற போக்கில் பிரபலக் கப்பலையும் படம் எடுத்துக்கொண்டால், அவரைக் கொண்டு வந்தது மீன்தான். மூன்றாவதாக, கப்பல் தன் பேரைத்தான் பரப்பும். ஊர்ப் பேர் அதன் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். கேமரா பின்பக்கம் போகுமா என்பது படத்தொகுப்பாளர் கையில்.

பெரிய அளவில் இது எப்படிப் போகும் என்பதற்கு நியூசிலாந்தின் ஆக்லாந்து நல்ல பாடம். 2021 மார்ச்சில் அங்கே அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் படகுப் போட்டி நடந்தது. அரசும் மாநகராட்சியும் துறைமுகத்தில் கோடிக்கணக்கில் செலவழித்து, போட்டி அணிகளுக்கு இடம் தயார் செய்தன. உலகமே பார்க்கும், வெளிநாட்டவர் வருவார்கள் என்பது எதிர்பார்ப்பு. கொரோனாவால் நாட்டின் எல்லையே மூடிக் கிடந்தது. டிவியில் படம் அழகாகத்தான் போனது. படத்தைப் பார்த்து வர நினைத்தவருக்கு விசா கிடையாது. பிறகு அரசு செய்த மதிப்பீட்டில், போட்ட ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர்கூடத் திரும்பவில்லை என்றுதான் முடிவு வந்தது. கோப்பையை வென்றது நியூசிலாந்து அணியேதான். அடுத்த போட்டியை அந்த அணி 2024இல் பார்சிலோனாவில் நடத்தியது. விளம்பரம் ஊரோடு தங்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இவ்வளவு சொன்னதால் விளம்பரத்துக்கு மதிப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மதிப்பு உண்டு. அது எந்தப் பையில் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பயணிகள் வந்தால் விடுதிக்காரருக்கு, உணவகத்துக்கு, மீன்பிடி சுற்றுலாப் படகுக்காரருக்கு வருமானம். அலாஸ்காவில் மாநில அளவில் விற்பனை வரி கிடையாது. ஊர்கள்தான் தங்களுக்கென்று போட்டுக்கொள்கின்றன. அதனால் வியாபாரம் கூடினால் நகராட்சியின் பொதுக் கணக்குக்கும் ஏதோ வரும். ஆனால் படகுத்துறைக் கணக்குக்கு? கிட்டத்தட்ட ஒன்றுமே வராது. செலவு ஒரு பையிலிருந்து, வரவு இன்னொரு பைக்கு.

இதைப் பிடித்துக்கொண்டால் தீர்வும் தானாகத் தெரியும். இந்தக் கப்பல் ஊருக்கு விளம்பரம் என்று மன்றம் உண்மையிலேயே நம்பினால், படகுத்துறைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டாம். சுற்றுலா விளம்பரத்துக்கென்று ஒதுக்கிய பணத்திலிருந்து 7,000 டாலரை எடுத்துப் படகுத்துறைக் கணக்கில் கட்டட்டும். கப்பல்காரருக்கு இரண்டும் ஒன்றுதான், அவர் கையிலிருந்து காசு போகாது. மன்றத்துக்கு மட்டும் பெரிய வித்தியாசம். "இந்த ஏழாயிரத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறு உண்டா?" என்று வருடா வருடம் கேட்க வேண்டிவரும். வேறு இடத்தில் பத்திரிகை விளம்பரமோ இணைய விளம்பரமோ போடலாமே என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும், அதற்குத்தானே மன்றம். என் பார்வையில் இந்தக் கணக்கு மாற்றத்துக்கு மன்றம் தயங்கினால், விளம்பரத்தின்மேல் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை என்றுதான் பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொதுச் சொத்தைத் தனியாருக்குத் தானம் கொடுக்கக் கூடாது என்பது பல அமெரிக்க மாநிலங்களின் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் 8ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு இதைத்தான் சொல்கிறது: ஏழைகள், இயலாதவர்களுக்கு அவசியமான உதவி தவிர, நகராட்சியோ மாவட்டமோ தன் பணத்தையோ சொத்தையோ தனி ஆளுக்கோ நிறுவனத்துக்கோ அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் கம்பெனிகளுக்கு ஊர்கள் வாரிக் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட காலத்தின் அனுபவம் இந்த மாதிரிப் பிரிவுகளில் இருக்கிறது. அலாஸ்கா அரசியலமைப்பின் 9ஆம் பிரிவும் பொதுப்பணமும் பொதுச் சொத்தும் பொது நோக்கத்துக்கு மட்டுமே என்கிறது.

பதிலுக்கு ஏதாவது கிடைத்தால் அது தானம் ஆகாது. வாஷிங்டன் நீதிமன்றங்கள் பார்ப்பது, கொடுத்தவருக்குத் தானமாகக் கொடுக்கும் எண்ணம் இருந்ததா, பதிலுக்குக் கிடைத்தது கேலிக்குரிய அளவுக்குக் குறைவா என்பதை. அதனால்தான் "ஊருக்கு நல்ல பேர் வரும்" என்று பொதுவாக எழுதிவைத்த ஒப்பந்தம் பலவீனமானது. வருடத்தில் இத்தனை நாள் பொதுமக்கள் கப்பலைப் பார்க்க அனுமதி, ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இத்தனை வகுப்பு, கப்பலின் எல்லா அச்சுப் பொருளிலும் ஊர்ப் பேர், டிவியில் வந்தால் தொடக்கத்திலேயே ஊரைக் காட்ட வேண்டும் என்று எண்ணிப் பார்க்கக்கூடியதாக எழுதினால் அது வியாபாரம்.

சட்டத்தைத் தாண்டிப் பக்கத்துப் படகுக்காரரின் கேள்வியும் உண்டு. அவர் முப்பது வருடமாகச் சுற்றுலாப் பயணிகளை மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறார். அவருடைய துண்டுப்பிரசுரம் எல்லா ஊர் விடுதியிலும் இருக்கிறது. "நானும்தானே ஊருக்கு விளம்பரம் செய்கிறேன், எனக்கு ஏன் தள்ளுபடி இல்லை?" என்று அவர் எழுந்து கேட்டால் மன்றத்திடம் எழுதிவைத்த அளவுகோல் இருக்க வேண்டும். இல்லையென்றால் "அவர் டிவியில் வருகிறார், நீங்கள் வரவில்லை" என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இருக்காது.

கப்பல் போக மறுத்தால்?

கட்டணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையான ஆபத்து அங்கே இல்லை என்று நான் நினைக்கிறேன். வருடத்துக்கு 7,000 டாலர் போனால் ஊர் முழுகிவிடாது. கப்பல் முழுகினால் என்ன செய்வது?

சியாட்டில் பக்கம் 'கலாகலா' என்றொரு பயணிகள் படகு இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஓக்லாந்து பக்கம் 1933இல் தீப்பிடித்த வேறொரு படகின் அடிப்பாகத்தை எடுத்து, அதன்மேல் வழவழப்பான வெள்ளி நிற உடலைக் கட்டினார்கள். 1935இல் ஓடத் தொடங்கியபோது அதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. தண்ணீரில் விமானம் மிதப்பதுபோல் இருக்கும், 84 மீட்டர் நீளம். சியாட்டிலுக்கும் பிரெமர்ட்டனுக்கும் இடையே பல வருடம் ஓடி, 1967இல் ஓய்வு பெற்றது. பிறகு அலாஸ்காவின் கோடியாக் தீவுக்கு இழுத்துப்போய், கரையில் செருகி, நண்டும் இறாலும் பதப்படுத்தும் ஆலையாக மாற்றிவிட்டார்கள்.

அங்கே அதைப் பார்த்த ஒரு சிற்பி பல வருடம் பாடுபட்டு, 1998இல் சியாட்டிலுக்குத் திருப்பி இழுத்து வந்தார். ஊரே வரவேற்றது. பழைய பயணிகள் கண்கலங்கினார்கள். பத்திரிகையெல்லாம் எழுதின. விளம்பரம் என்று பார்த்தால் இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் கப்பலைச் சீரமைக்கப் பெரும் பணம் வேண்டும், அது வரவில்லை. நிறுத்தும் இடத்துக்கு வாடகை ஏறிக்கொண்டே போனது. 2003இல் திவால். ஏலத்தில் வேறொருவர் வாங்கினார். 2004இல் நியா பே என்ற இடத்தில் மக்கா பழங்குடியினரின் துறைக்குப் போனது. அவர்களும் கொஞ்ச காலத்தில் வெளியேறச் சொன்னார்கள். அப்புறம் டகோமாவில் ஒரு கால்வாய். அங்கே பத்து வருடம் துருப்பிடித்துச் சாய்ந்து நின்றது. மூழ்கினால் கால்வாயே அடைபடும் என்று கடலோரக் காவல்படை 2011இல் அதை ஆபத்தான கப்பல் என்று அறிவித்தது. 2015இல் உடைத்துவிட்டார்கள். அது கட்டப்பட்ட கர்க்லாந்து நகரம் சில பாகங்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டது.

ஹொனலூலுவில் 'ஃபால்ஸ் ஆஃப் கிளைட்' என்ற கப்பலுக்கும் இதே மாதிரி முடிவு. 1878இல் ஸ்காட்லாந்தில் கட்டிய இரும்புக் கப்பல், நான்கு பாய்மரம், தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற பட்டம் வேறு. ஆர்வலர்கள் காப்பாற்ற முயன்றார்கள். 2016இல் துறைமுக நிர்வாகம் கப்பலைக் கைப்பற்றியது. ஏலம், பேச்சுவார்த்தை, ஸ்காட்லாந்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் திட்டம் என்று வருடங்கள் ஓடின. 2025 அக்டோபரில் ஆழ்கடலுக்கு இழுத்துப்போய் மூழ்கடித்தார்கள். அந்தச் செலவும் துறைமுகத்தின் தலையில்தான்.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. 2010 டிசம்பரில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற 'வாக்லி' நீர்மூழ்கிக் கப்பலை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக வைப்பதாகத் திட்டம். கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, வருடக்கணக்கில் அங்கேயே காத்துக்கிடந்தது. அருங்காட்சியகம் வரவில்லை. விசாகப்பட்டினத்தில் 'குர்சுரா'வை மட்டும் 2002இலேயே கடற்கரை மணலில் ஏற்றி வைத்துவிட்டார்கள். இன்றும் கூட்டம் போகிறது. தண்ணீரில் இருக்கும் கப்பல் ஒவ்வொரு நாளும் செலவு வைக்கும், கரையேறிய கப்பலுக்கு அந்தத் தொல்லை குறைவு.

இந்தக் கதைகளில் வருகிற யாரும் மோசடிக்காரர் இல்லை. கப்பலை நேசித்தவர்கள். அதுதான் சிக்கலே. நேசம் இருக்கும், பணம் இருக்காது. பணம் தீர்ந்த நாளில் கப்பல் எங்கே நிற்கிறதோ அந்த ஊருக்கு அது சொந்தமாகிவிடுகிறது. கட்டணம் கட்டுகிற கப்பல் என்றால் இரண்டு மாதம் பாக்கி விழுந்ததுமே துறைமுக மேலாளருக்கு மணி அடித்துவிடும். கட்டணமே இல்லாத கப்பலில் அந்த எச்சரிக்கை மணியும் இல்லை. இலவச இடத்தின் மிகப் பெரிய குறை இதுதான் என்பேன்.

அலட்சியமாக விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதை வாஷிங்டன் மாநிலம் 2012 மேயில் பார்த்தது. பென் கோவ் விரிகுடாவில் அனுமதியில்லாமல் நங்கூரமிட்டிருந்த 'டீப் சீ' என்ற பழைய மீன்பிடிக் கப்பல் தீப்பிடித்து மூழ்கியது. அதிலிருந்து கசிந்த எண்ணெயால் பக்கத்திலிருந்த மட்டி வளர்ப்புப் பண்ணை அறுவடையை நிறுத்த வேண்டியிருந்தது. தூக்கிச் சுத்தம் செய்யப் பல மில்லியன் டாலர். அதன்பிறகு அந்த மாநிலத்தில் கைவிட்ட கப்பல்கள் பற்றிய சட்டம் இறுகியது. படகுத்துறையில் இடம் கேட்பவர் காப்பீடு காட்ட வேண்டும் என்றானது.

அப்படியானால் கொடுக்கவே கூடாதா?

கொடுக்கலாம். நாள் குறித்துக் கொடுக்க வேண்டும். வாஷிங்டனின் அபர்டீன் ஊரில் 1989இல் கட்டிய 'லேடி வாஷிங்டன்' என்ற மாதிரிப் பாய்மரக் கப்பல் மேற்குக் கரை ஊர் ஊராகப் போய்வரும். சில நாள் நிற்கும், மக்கள் ஏறிப் பார்ப்பார்கள், சின்னப் பயணம் கூட்டிப்போவார்கள், அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். இப்படி வந்து போகிற கப்பலுக்கு மூன்று நாள் கட்டணத்தை விட்டுக்கொடுப்பதில் மன்றம் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. ஓடுகிற கப்பல் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள், அதுவே ஒரு காப்பீடு.

ஆனால் வந்து போகிற கப்பலுக்கும் துறைக் கட்டணம் மட்டும்தான் செலவு என்று நினைக்கக் கூடாது. 2016இல் நார்வேயிலிருந்து 'டிராகன் ஹரால்ட் ஹார்ஃபாக்ரே' என்ற வைக்கிங் மாதிரிக் கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கப் பேரேரிகளுக்கு வந்தது. ஊர்கள் விழா எடுக்கத் தயாராக இருந்தன. அந்த ஏரிகளில் வெளிநாட்டுக் கப்பல் செல்ல உள்ளூர் பைலட்டை, அதாவது கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமியை, ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அதற்கு மொத்தம் சுமார் 4 லட்சம் டாலர் ஆகும் என்று தெரிந்ததும் கப்பல்காரர்கள் ஆடிப்போய்விட்டார்கள். நன்கொடை திரட்டினார்கள், பயணத்தைச் சுருக்கினார்கள். துறையில் இடம் சும்மா கொடுக்க எந்த ஊராலும் முடியும். பைலட் கட்டணம் அந்த ஊரின் கையில் இல்லை.

நீண்ட நாள் தங்க வருகிற கப்பல் என்றால் ஒப்பந்தம் கறாராக இருக்க வேண்டும். ஒரு வருடம், அதிகம் போனால் இரண்டு. தானாக நீளாது, நீட்ட வேண்டுமானால் மன்றத்தில் மறுபடி வாக்கெடுப்பு. கப்பலின் அடிப்பாகத்தை ஒரு நிபுணர் பார்த்துக் கொடுத்த அறிக்கை. ஊரின் பெயரையும் சேர்த்த காப்பீடு. மின்சாரமும் தண்ணீரும் கப்பல்காரர் செலவு. எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பலை இழுத்துப்போய் அப்புறப்படுத்த ஆகும் தொகையை முன்கூட்டியே வைப்பாக வாங்கிக்கொள்ள வேண்டும். பேச்சுவார்த்தையில் இந்த வரிதான் கடினமாக இருக்கும். கப்பல்காரர் முகம் சுளிப்பார், "எங்களை நம்பவில்லையா?" என்பார். அந்த வைப்பைத் திரட்ட முடியாதவரால் நாளைக்குக் கப்பலைச் சீரமைக்கவும் முடியாது. அவ்வளவுதான் அதற்குப் பதில்.

சில ஊர்கள் இன்னும் ஒருபடி போய்க் கப்பலையே வாங்கிவிடும். கலிஃபோர்னியாவின் லாங் பீச் 1967இல் 'குயின் மேரி'யை 34.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. இன்று அந்தக் கப்பல் இல்லாமல் அந்த ஊரை நினைக்க முடியாது. விளம்பரம் பலித்தது என்றே சொல்லலாம். கூடவே பழுதும் ஊருடையதாகிவிட்டது. குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்கள் ஒருவர்பின் ஒருவராக நொடித்துப்போக, 2021இல் மாநகராட்சியே பொறுப்பை ஏற்று, கோடிக்கணக்கில் செலவழித்துப் பழுது பார்த்து 2023இல் மறுபடி திறந்தது.

ஒரே கப்பலை இரண்டு ஊர்கள் எவ்வளவு வேறாகப் பார்க்க முடியும் என்பதற்கு 'எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ்' இருக்கிறது. 1952இல் தன் முதல் பயணத்திலேயே அட்லாண்டிக்கை மூன்றரை நாளில் கடந்து சாதனை படைத்த கப்பல். 1996 முதல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு தனியார் துறையில் நின்றுகொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற ஓர் அறக்கட்டளை நன்கொடை வாங்கி நாள் வாடகை கட்டிவந்தது. 2021இல் துறைக்காரர் நாளுக்கு 850 டாலர் வாடகையை 1,700 ஆக உயர்த்த, வழக்கு நடந்தது. உயர்த்திய வாடகையைக் கட்ட வேண்டியதில்லை, ஆனால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் தீர்ப்பு. இவ்வளவு புகழ்பெற்ற கப்பலுக்கு வேறு எந்தத் துறையும் இடம் கொடுக்க முன்வரவில்லை.

வாங்கிக்கொண்டது ஃப்ளோரிடாவின் ஒகலூசா மாவட்டம். நிறுத்தி வைக்க இல்லை, மூழ்கடிக்க. கடலடியில் செயற்கைப் பவளத்திட்டாக மாற்றினால் உலகெங்கிலுமிருந்து முக்குளிப்பவர்கள் வருவார்கள் என்பது அவர்கள் கணக்கு. கப்பலுக்குப் பத்து லட்சம் டாலர். இழுத்துப்போவது, சுத்தம் செய்வது, மூழ்கடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு கோடிக்கு மேல். விடுதியில் தங்கும் பயணிகளிடம் வசூலிக்கும் சுற்றுலா வரியிலிருந்து அந்தப் பணம். படகுத்துறைக் கணக்கைத் தொடவில்லை. 2025 பிப்ரவரியில் இழுவைக் கப்பல்கள் அதை டெலவேர் ஆற்றிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு போயின. அலபாமாவின் மொபைல் நகரில் வைத்து எண்ணெயும் பெயின்டும் கழற்றும் வேலை தொடங்கியது.